நாயைத் தனி ஆளா குளிப்பாட்ட எது சரிப்படும்: பக்கெட்டா, ஹேண்ட் ஷவரா, ஹோஸ் பைப்பா, இல்ல தண்ணியே இல்லாமலா?

பிடிச்சுக்க ஆள் இல்ல, நான் ஒருத்தர் தான், நாய் வேற நல்ல பலசாலி, எப்படி குளிப்பாட்டுறதுன்னு கேக்குறவங்களுக்கு பெரும்பாலும் எந்த ஷாம்பூ வாங்கணும்னு தான் பதில் கிடைக்குது. ஷாம்பூ முக்கியம் தான், அதுக்கும் வர்றேன். ஆனா தனி ஆளுக்கு நிஜமான சிக்கல் கை பத்தாதது. நாயைப் பிடிக்க ஒரு கை, தண்ணி ஊத்த ஒரு கை, தேய்க்க ஒரு கை, காது கண்ணுல தண்ணி போகாம மறைக்க இன்னொன்னு. நாலு கை வேலைக்கு ரெண்டு கை தான் இருக்கு. அதனால எந்த வழியில உங்க ஒரு கை எப்பவும் நாய் மேலயே இருக்க முடியுமோ அந்த வழியை எடுங்கங்கிறது தான் என்னோட முடிவு, மீதி எல்லாம் இதுக்கு அப்புறம் தான். கை உடம்பு மேல இருந்தா நாய் உதறப்போகுதா, குதிக்கப்போகுதான்னு ஒரு நொடி முன்னாடியே தெரிஞ்சிடும், அந்த ஒரு நொடி தான் தனி ஆளுக்கு இருக்கிற பாதுகாப்பு.

## எதை வெச்சு ஒப்பிடுறோம்

கை: நாயைப் பிடிக்க ஒரு கை மிஞ்சுதா.

காலடி: நாய் குளியலுக்கு பயப்படுதுன்னு நாம நினைக்கிற பல நேரத்துல அது பயப்படுறது வழுக்கலுக்கு. டைல்ஸ்ல ஒரு தடவை பின்னங்கால் விரிஞ்சு போச்சுன்னா அடுத்த தடவை பாத்ரூம் வாசல்லயே உக்காந்துக்கும். ரப்பர் மேட் போட்டா போதும், இல்லாட்டி நனைச்சு பிழிஞ்ச கனமான டவலை விரிச்சு விடுங்க. எந்த வழியில குளிப்பாட்டினாலும் இதை மட்டும் விடாதீங்க.

அலசல்: தண்ணி முடிக்கு மேல ஓடுறது வேற, தோலைத் தொடுறது வேற. ஷாம்பூ மிச்சம் நின்னா அரிப்பு, அரிப்புன்னா நக்கல், நக்க நக்க புண்ணு.

தண்ணியோட சூடு: நாயோட உடம்பு சூடே 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ் கிட்ட தான். மணிக்கட்டு உள்பக்கத்துல ஊத்திப் பாத்தா சூடாவும் தெரியக்கூடாது, ஜில்லுன்னும் தெரியக்கூடாது, அது தான் அளவு.

உங்க உடம்பு: முதுகு, முட்டி. உங்களுக்கு நடுவுல இடுப்பு பிடிச்சுக்கிட்டா வந்து மாத்திவிட ஆள் கிடையாதுங்கிறதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

பின்வேலை: காய வைக்கிறது, முடி அடைச்ச டிரெயின், ஈரமான வீடு.

## எல்லா வழிக்கும் பொதுவானது

தனியா பண்றப்போ நடுவுல எழுந்து போய் எதையும் எடுத்துட்டு வர முடியாது, சோப்பு நுரையோட நாயை விட்டுட்டு டவல் தேடிப் போனா திரும்பி வர்றப்போ அது சோஃபா மேல நிக்கும். அதனால ஷாம்பூ, மக், ரெண்டு மூணு டவல், ட்ரீட், முகம் துடைக்க ஒரு சின்ன துணி எல்லாத்தையும் உக்காந்த இடத்துலேர்ந்து கை நீட்டினா எட்டுற மாதிரி வெச்சிட்டு, மூடியெல்லாம் திறந்து வெச்சிட்டு, கடைசியா தான் நாயைக் கூப்பிடணும்.

குளிக்கிறதுக்கு முன்னாடி பிரஷ் பண்ணிடுங்க. சிக்கு விழுந்த முடி நனைஞ்சா இன்னும் இறுகிடும், அதுக்கு அடியில இருக்கிற தோல் காயவே காயாது.

நம்ம ஷாம்பூ, குழந்தை ஷாம்பூ ரெண்டும் வேணாம். நம்ம தோலோட பிஹெச் (அமிலத்தன்மை அளவு) 5.5 கிட்ட, நாய்த் தோல் அதைவிட நியூட்ரல் பக்கம், நமக்குன்னு செஞ்சது அதுங்களுக்கு வறட்சி குடுக்கும். டீ ட்ரீ ஆயில் கலந்து வீட்லயே ஏதாவது செய்யலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அந்த எண்ணெய் நாய்க்கு விஷம். உண்ணிக்கான ஷாம்பூ போடுறவங்க வீட்ல பூனையும் இருந்தா லேபிள்ல பெர்மெத்ரின்னு இருக்கான்னு பாருங்க, நாய் தாங்கும், பூனை தாங்காது. கழுத்துல விடுற உண்ணி மருந்து போட்டிருந்தா பொதுவா ரெண்டு நாள் முன்னாடியும் ரெண்டு நாள் பின்னாடியும் குளியல் வேணாம்னு சொல்வாங்க, உங்க மருந்தோட அட்டைல என்ன போட்டிருக்கோ அதைப் பின்பற்றுங்க.

ஷாம்பூவை தண்ணி கலந்து நீர்த்துக்கிறது தனி ஆளுக்கு ரொம்ப உதவி, சீக்கிரம் பரவும், சீக்கிரம் போகும். ஆனா அன்னைக்கு தேவையானதை மட்டும் கலக்குங்க, மிச்சத்தை கொட்டிடுங்க. கலந்த ஷாம்பூ பாட்டில்ல நாள்கணக்கா இருந்தா அதுல பாக்டீரியா வளரும், அதைப் போட்டுத் தேய்ச்சா முடிவேர் வழியா உள்ள இறங்கி, குளிச்ச ஓரிரு நாள்லயே முதுகு முழுக்க தொட்டாலே கத்துற அளவுக்கு வலி, சில நேரம் காய்ச்சலும் வரும். குளிச்சதுல சளி பிடிச்சிருக்கும் போலன்னு விட்டுடாதீங்க, அன்னைக்கே கால்நடை டாக்டர்கிட்ட போகணும்.

வரிசையும் முக்கியம். முதல்ல கழுத்து, அப்புறம் முதுகு, வயிறு, கால், வால். தெள்ளு இருந்தா கழுத்தைச் சுத்தி முதல்ல நுரை வளையம் போட்டுடுங்க, அதுங்க முகத்துப் பக்கம் ஏறி ஓடாது. தலை கடைசி, ஏன்னா தலை நனைஞ்சா பெரும்பாலும் நாய் முழு உடம்பையும் உதற ஆரம்பிக்கும். முகத்துக்கு தண்ணி ஊத்தவே வேணாம், ஈரத்துணி போதும். நாயோட காதுக்குழாய் நேரா கீழ இறங்கி அப்புறம் உள்பக்கமா வளையுது, உள்ள போன தண்ணி தானா வெளிய வராது, காது தொங்குற நாய்னா சீழ் பிடிக்க அதுவே போதும்.

## பக்கெட்டும் மக்கும்

இதுல பெரிய நல்லது ரெண்டு. சத்தம் கிடையாது, அதனால பயந்த சுபாவம் உள்ள நாய்க்கு இதைவிட நல்ல ஆரம்பம் இல்ல. அடுத்தது தண்ணியோட சூடு, ஒரு தடவை கலந்துட்டா அவ்வளவு தான், நடுவுல திடீர்னு சூடு ஏறாது.

கை கணக்குல தான் இது அடி வாங்குது. ஒரு கை மக், ஒரு கை முடியை விரிக்க, பிடிக்க எதுவும் மிச்சமில்ல. இதுக்கு என்னோட வழி, நனைக்கிறப்போ மக்கை விட்டுட்டு பெரிய ஸ்பாஞ்ச். தண்ணில முக்கி முதுகு மேல வெச்சு பிழிஞ்சா அதே கை ஊத்துது, அதே கை தேய்க்குது, இன்னொரு கை நெஞ்சுக்கு கீழ இருக்கு. அலசுறப்போ மட்டும் மக், அதையும் மேல தூக்கி ஊத்தாம விளிம்பை முடியோட ஒட்டி வெச்சு சரிச்சு விடுங்க, மேலேர்ந்து தடால்னு விழுற தண்ணிக்கு நாய் திடுக்கிடும்.

மறைமுக செலவு அலசல்ல இருக்கு. ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர் மாதிரி ரெட்டை முடி இருக்கிற நாய்க்கு மக் தண்ணி மேல் முடில வழுக்கிட்டு ஓடிடும், உள்முடில ஷாம்பூ அப்படியே நிக்கும். நாலஞ்சு பக்கெட் முன்கூட்டியே நிரப்பி வெச்சாலும் பத்தாம போகலாம், கடைசி பக்கெட் ஆறியும் போயிருக்கும். அப்புறம் உங்க முட்டி, குந்தி உக்காந்து அரை மணி நேரம்.

யாருக்கு நல்லது: குட்டை முடி நாய், பயந்த நாய், குழாய்ல வெந்நீர் வராத வீடு.

## ஹேண்ட் ஷவர்

பாத்ரூம்ல ஹேண்ட் ஷவர் இருந்தா தனி ஆளுக்கு இதைத் தான் முதல்ல சொல்வேன், நடுத்தர சைஸ், பெரிய சைஸ், அடர்ந்த முடி எல்லாத்துக்கும். காரணம் கை தான். ஒரு கைல ஷவர், இன்னொரு கைல ரப்பர் கை உறை மாதிரி இருக்கிற பிரஷ், அந்தக் கை தேய்க்குது, அதே கை தான் பிடிச்சும் வெச்சிருக்கு. தேய்க்கிற கையை எடுக்கவே வேண்டிய அவசியம் இல்ல.

ஷவரை தூரத்துல பிடிச்சு மழை மாதிரி தூவாதீங்க. முகப்பை தோலோட ஒட்டி வெச்சு, முடி வளர்ற திசைக்கு எதிரா மெதுவா நகர்த்துங்க. ஒட்டி வெச்சா சத்தம் பாதி குறையும், தண்ணியும் உள்முடிக்குள்ள இறங்கும். அலசல் முடிஞ்சதான்னு கண்டுபிடிக்க நுரையைப் பாக்காதீங்க, விரலால முடியை தோல்கிட்ட அழுத்தி உருட்டிப் பாருங்க, வழுவழுன்னு இருந்தா இன்னும் இருக்கு. முடிஞ்சதுன்னு தோணினதுக்கு அப்புறமும் ஒரு சுத்து, அதுவும் அக்குள், தொடை இடுக்கு, காலருக்கு கீழ.

இதோட ஆபத்து பலருக்குத் தெரியாது. வெந்நீரும் பச்சைத் தண்ணியும் கலக்குற குழாய் கைப்பிடி நாயோட முதுகு உயரத்துல இருந்தா, அது திரும்புறப்போ இடிச்சு வெந்நீர் பக்கம் போயிடும். உங்க கண்ணு நாய் மேல இருக்கும், கவனிக்க மாட்டீங்க. அதனால ஷவர் பிடிச்சிருக்கிற கையோட கட்டைவிரல் எப்பவும் தண்ணில நனைஞ்சுட்டே இருக்கட்டும், சூடு மாறினா நாய்க்கு முன்னாடி உங்களுக்குத் தெரியும். வீட்ல வேற யாராவது குழாய் திறந்தாலும் இதே கதை.

பாத்ரூம் கதவு மூடினா நாய் ஓட முடியாது, அது வசதி. ஆனா அதே மூடின கதவு பயந்த பெரிய நாயோட உங்களையும் சின்ன இடத்துல அடைச்சு வைக்குது, அது உங்களைத் தள்ளினா விழுறது ஈர டைல்ஸ்ல. உங்க காலுக்கும் மேட் வேணும். ஷவர் சத்தத்துக்கே நடுங்குற நாயா இருந்தா குளியல் நாளுக்கு முன்னாடி சில நாள் ஷவரை வெறுமனே ஓட விட்டு பக்கத்துல ட்ரீட் குடுத்துப் பழக்குங்க, நேரா நனைச்சுடாதீங்க. டிரெயின் மேல ஒரு வலை போடுங்க, அடைச்சா அதையும் நீங்க தான் எடுக்கணும்.

தொட்டி மாதிரி உயரமான டப்ல ஏத்தணும்னா பெரிய நாயைத் தனியா தூக்காதீங்க. படி மாதிரி ஏதாவது போட்டு தானா ஏற வைங்க, ஏறலன்னா தரையிலயே குளிப்பாட்டுங்க.

யாருக்கு நல்லது: பெரிய நாய், அடர்ந்த முடி, அடிக்கடி மருந்து ஷாம்பூ போட வேண்டிய நாய்.

## ஹோஸ் பைப், வெளியில

சேத்துல புரண்டுட்டு வந்த பெரிய நாய், வீட்டுக்குள்ள விடவே முடியாத நிலைமை, அப்ப இது தான் வழி. இடம் தாராளம், முதுகு வளைக்க வேணாம், டிரெயின் கவலை இல்ல.

ஆனா வெளிய நாயைக் கட்டாம தனியா குளிப்பாட்ட முடியாது. கட்டுறதுலயும் கவனம் வேணும்: இறுகுற மாதிரி சங்கிலி, சுருக்குக் கயிறு எதுவும் கூடாது, பட்டையான காலர் இல்ல ஹார்னஸ், தோள் உயரத்துல குட்டையா கட்டி, ஒரே இழுப்புல அவிழுற முடிச்சு. கட்டிட்டு ஒரு நிமிஷம் கூட நகரக்கூடாது, வழுக்கி விழுந்து கழுத்து தொங்கிடுச்சுன்னா பக்கத்துல நீங்க மட்டும் தான்.

வெயில்ல கிடந்த பைப்புக்குள்ள நிக்கிற தண்ணி தோலைச் சுட்டுப் பொசுக்குற அளவுக்கு கொதிச்சிருக்கும். முடி மூடியிருக்கிறதால சுட்ட அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, சில நாள் கழிச்சு முதுகுல தோல் உரியுறப்போ தான் தெரியும். எப்பவும் பைப்பை ஓடவிட்டு, கையில தொட்டுப் பாத்து, அப்புறம் தான் நாய்ப்பக்கம் திருப்பணும். இதுக்கு நேர் எதிர்ப் பிரச்சனையும் இருக்கு, ஜில் தண்ணில குளிச்ச அப்புறம் சில நாய்க்கு வால் தூக்க முடியாம தொங்கிடும், குறிப்பா லாப்ரடார் மாதிரி நாய்ங்களுக்கு. சில நாள்ல பெரும்பாலும் சரியாகும், ஆனா வலிக்கும், டாக்டர்கிட்ட காட்டுங்க.

பைப் தண்ணியை வாயால கவ்வி விளையாடுற நாயை வேடிக்கையா விட்டுடாதீங்க. குறைஞ்ச நேரத்துல அளவுக்கு மீறி தண்ணி உள்ள போச்சுன்னா ரத்தத்துல உப்பு நீர்த்துப்போய் தள்ளாட்டம், வாந்தி, வலிப்பு வரைக்கும் போகும், சின்ன நாய்னா இன்னும் சீக்கிரம்.

முடிச்ச உடனே அவிழ்த்து விட்டா நேரா மண்ணுல போய் புரளும். கட்டியிருக்கிறப்பவே துடைச்சுடுங்க.

யாருக்கு நல்லது: குளியலுக்குப் பழகின, கட்டினா அமைதியா நிக்கிற பெரிய நாய், வெதுவெதுப்பான நாள்.

## சின்ன நாய்க்கு பேசின் இல்ல டப்

எட்டு பத்து கிலோவுக்குக் கீழ இருக்கிற நாய்க்கு இடுப்பு உயர சிங்க் இல்ல பெரிய பேசின் உங்க முதுகைக் காப்பாத்தும். தண்ணியை முதல்ல நிரப்பிட்டு அப்புறம் நாயை இறக்குங்க, வயித்துக்குக் கீழ நிக்கிற அளவு போதும். ஒரே ஒரு பயம் விழுறது. பொமரேனியன், டாய் பூடில், மினியேச்சர் பின்ஷர் இதுங்களுக்கு முன்னங்கால் எலும்பு ரொம்ப மெல்லிசு, சிங்க் உயரத்துலேர்ந்து குதிச்சாலே உடையலாம். கையை எடுக்க வேண்டி வரும்னு தோணினா டப்பை தரையில வெச்சிடுங்க, முதுகு வலியை சமாளிச்சுக்கலாம்.

## தண்ணி இல்லாம

உலர் ஷாம்பூ நுரை, செல்லப்பிராணி வைப்ஸ், ஈரத்துணி. இதை ஒரு குளியலாவே நிறைய பேர் மதிக்கிறதில்ல, ஆனா நாய் நாறுதுன்னு முழுசா குளிப்பாட்டுற பல நாள்ல அழுக்கு இருக்கிறது கால்லயும் அடிவயித்துலயும் பின்பக்கத்துலயும் தான். அதை மட்டும் துடைச்சா வேலை முடிஞ்சது. தோல் நோய் இல்லாத பெரும்பாலான நாய்க்கு மாசத்துக்கு ஒண்ணு, இல்ல அதுக்கும் மேல இடைவெளி விட்டு முழு குளியல் போதும்.

ஆபரேஷன் தையல் இருக்கிறப்போ, ரொம்ப வயசான நாய்க்கு, நீங்களே உடம்பு சரியில்லாத நாள்ல இது தான் சரி. நாய் நக்கும்ங்கிறதால வாசனை தூக்கலா இருக்கிறதை வாங்காதீங்க. சேறு, எண்ணெய், கெமிக்கல் எதுவும் இதுல போகாது. இன்னொண்ணு, துடைச்சு துடைச்சு வாசனையை மூடிட்டே இருந்தா உள்ள இருக்கிற நோய் தெரியாம போகும். குளிப்பாட்டின ரெண்டே நாள்ல திரும்ப நாத்தம் வருதுன்னா அது பெரும்பாலும் அழுக்கு இல்ல, தோல்ல பூஞ்சை, காது, பல்லு, ஆசனவாய்ச் சுரப்பி இதுல ஏதோ ஒண்ணு.

## ஒரே பார்வையில

| வழி | பிடிக்க கை மிஞ்சுமா | அலசல் | பெரிய ஆபத்து | உங்க உடம்பு |
|---|---|---|---|---|
| பக்கெட், மக் | ஸ்பாஞ்ச் இருந்தா மிஞ்சும் | குட்டை முடிக்கு சரி, அடர் முடிக்கு பத்தாது | ஷாம்பூ மிச்சம் நிக்கிறது | முட்டிக்கு கஷ்டம் |
| ஹேண்ட் ஷவர் | மிஞ்சும் | ரொம்ப நல்லா | திடீர் வெந்நீர், வழுக்கல் | நடுத்தரம் |
| ஹோஸ் பைப் | கட்டினா தான் | நல்லா | பைப்ல கொதிச்ச தண்ணி, கழுத்து இறுகுறது | சுலபம் |
| பேசின் | மிஞ்சும் | சின்ன நாய்க்கு நல்லா | மேலேர்ந்து குதிக்கிறது | சுலபம் |
| தண்ணி இல்லாம | ரெண்டு கையும் உங்களோடது | கிடையாது | நோயை மறைக்கிறது | ரொம்ப சுலபம் |

## மருந்து ஷாம்பூ போடுறவங்களுக்கு தனியா

குளோர்ஹெக்ஸிடின், மைக்கோனசோல் மாதிரி கிருமி, பூஞ்சையைக் கொல்ற மருந்து கலந்த ஷாம்பூ பொதுவா 10 நிமிஷம் நுரையோட தோல்ல நிக்கணும், உடனே அலசினா காசு தண்ணியோட போச்சு. பத்து நிமிஷம் நுரையோட நாயைத் தனியா நிக்க வைக்கிறது தான் இருக்கிறதுலயே கஷ்டமான வேலை. மொபைல்ல டைமர் வைங்க, மனசுக்குள்ள எண்ணினா மூணு நிமிஷத்துலயே பத்து ஆன மாதிரி இருக்கும். புண்ணு அதிகமா இருக்கிற இடத்துல முதல்ல போடுங்க, அந்த இடத்துக்கு கூடுதல் நேரம் கிடைக்கும். சுவத்துல ஒட்டுற லிக் மேட்ல (நாய் நக்கிச் சாப்பிடுற மாதிரி இருக்கிற பாய்) பீனட் பட்டர் தடவி நாயோட மூக்கு உயரத்துல ஒட்டினா அது கிட்டத்தட்ட உங்க மூணாவது கை, நாய் நுரையை நக்குறதையும் தடுக்கும், ஆனா டப்பால சைலிட்டால்ங்கிற சர்க்கரைக்குப் பதிலான இனிப்பு இல்லன்னு பாத்து வாங்குங்க, அது நாயைக் கொல்லும். இதுக்கும் முடியலன்னா அலசவே தேவையில்லாத மருந்து நுரை இருக்கு, உங்க நாய்க்கு அது பொருந்துமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, தனி ஆளுக்கு அது பெரிய நிம்மதி.

## காய வைக்கிற வேலையையும் கணக்குல சேருங்க

குளிப்பாட்ட எவ்வளவு நேரமோ, அடர் முடி நாயைக் காய வைக்க அதைவிட அதிக நேரம் ஆகும். உள்முடி ஈரமா இருந்தா ரெண்டு நாள்ல ஈரப்புண்ணு வந்து நிக்கும். அதனால சாயங்காலம் களைச்சு வந்து ரெட்டை முடி நாயைத் தனியா குளிப்பாட்ட ஆரம்பிக்காதீங்க. டவலால தேய்க்காம ஒத்தி எடுங்க, தேய்ச்சா சிக்கு விழும். டிரையர் போட்டா சூடு குறைச்சு, ஒரே இடத்துல நிறுத்தாம, ஈர பாத்ரூமுக்கு வெளிய. பக், புல்டாக் மாதிரி மூக்கு அமுங்கின நாய்க்கு சூடான டிரையர் மூச்சு முட்டும், அதுங்களுக்கு வெறும் காத்து போதும், முக மடிப்புக்குள்ள மட்டும் துணியால ஈரம் ஒத்தி எடுத்துடுங்க.

## எப்ப தனியா பண்ணவே கூடாது

உடம்பு விறைச்சு, வாயை இறுக மூடி, கண்ணோட வெள்ளை தெரியுற மாதிரி பாக்க ஆரம்பிச்சா உறுமல் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடுங்க. நுரை இருந்தா அதை மட்டும் அலசிட்டு விட்டுடுங்க, பாதி குளியலால நாய்க்கு ஒண்ணும் ஆகாது. கடிச்ச பழக்கம் இருக்கிற நாய், இடுப்பு மூட்டு வலியால நிக்கவே தடுமாறுற பெரிய நாய், வலிப்பு வர்ற நாய், இந்த மூணையும் எவ்வளவு பழக்கம் இருந்தாலும் ஒத்தையா குளிப்பாட்ட வேணாம். ரெண்டாவது ஆள் கிடைக்கிற நாள் பாருங்க, இல்ல கால்நடை கிளினிக்ல குளிப்பாட்டுவாங்களான்னு கேளுங்க, அதுவரைக்கும் ஈரத்துணியும் பிரஷும் போதும். மூட்டு வலி இருக்கிற நாய்க்குத் துடைக்கிறப்போ அதை நிக்க வைக்காதீங்க, மெத்தையில ஒரு பக்கமா படுக்க வெச்சு அந்தப் பக்கம் முடிச்சு, அது தானா திரும்பிப் படுக்கிற நேரம் பாத்து மறு பக்கம் துடைங்க.